படகு வரவில்லை என்று எழுதினேன்

இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் மூன்றை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

சீட் இல்லாமல் இல்லை. மூன்றிலும் ஜன்னலோரமே காலியாக இருந்தது. ஒரு கண்டக்டர், "கடலூர், கடலூர்... சார், வரீங்களா இல்லியா?" என்று என்னை மட்டும் தனியாக விசாரித்துவிட்டுப் போனார். நான் செல்போனில் ஏதோ முக்கியமாகப் படிப்பதுபோல் நின்றேன்.

ஏறினால் கடலூர் வந்துவிடும். கடலூர் வந்தால் வீடு வந்துவிடும். வீட்டில் வசந்தி கதவைத் திறந்து, "என்னா சொன்னாங்க? ரொம்பப் பாராட்டுனாங்களா?" என்று கேட்பாள். என் மனைவிக்கு எதையும் மறக்கிற பழக்கம் இல்லை. என்ன பதில் சொல்வது?

ஆமாம்... பாராட்டு வாங்கத்தான் சிதம்பரம் போயிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் அரைக் கிலோ மைசூர்பாகு. அங்கே என்ன வாங்கிக்கொண்டு திரும்பினேன் என்று சொல்லத்தான் இந்த வாரம் முழுப் பக்கமும். போன வாரம் இந்தப் பகுதி வரவில்லை. எனக்கு உடல்நிலை சரியில்லை என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத முகமில்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் கேம் பிடிக்காதவர்களும் இன்று படிக்கலாம். ஒரு மனிதன் அசடு வழிவதைப் பார்க்க கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதியவர்களுக்காக — பகலில் மஞ்சக்குப்பத்தில் ஒரு அலுவலகத்தில் ஃபைல் நகர்த்துகிறேன். மாலையில் கரண்ட் இருந்தால் கம்ப்யூட்டரில் வாள் சுழற்றுகிறேன். வயது நாற்பத்தொன்று. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மானிட்டருக்குள் மட்டும் இன்னும் மாவீரன்.

எனக்குப் பிடித்தது ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி. கண்ணில் பட்டவனையெல்லாம் சுட்டுத் தள்ளுகிற ரகம் இல்லை. ஒரு கதைக்குள் நீங்களும் ஒரு ஆளாகப் போகிறீர்கள். ஊர் ஊராக அலைகிறீர்கள். எதிரில் வருபவர்களிடம் பேசுகிறீர்கள். அவர்கள் ஏதாவது கேட்டால் திரையில் மூன்று பதில்கள் வரும். ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்லவனாகவும் இருக்கலாம், அயோக்கியனாகவும் இருக்கலாம். கதை அதற்குத் தகுந்தாற்போல் மாறும்.

நான் எப்போதுமே நல்லவன். பிச்சை கேட்டால் போடுவேன். வழியில் கிடந்த நகையை உரியவரிடம் சேர்க்க மூன்று மலை ஏறி இறங்குவேன். "யாரும் பார்க்காதபோது ஒரு ஆள் எப்படி நடந்துகொள்வான் என்பதை ஆர்.பி.ஜி. காட்டிக்கொடுத்துவிடும்" என்று இதே பக்கத்தில் ஒருமுறை எழுதினேன். பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. அந்த வரியை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

இந்த கேம்களில் ஒரு வேடிக்கை உண்டு. யார் வீட்டுக்குள்ளும் கதவைத் தட்டாமல் நுழையலாம். அலமாரியைத் திறக்கலாம், அரிசிப் பானைக்குள் கை விடலாம், கிடைத்த காசை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்பார். சிரித்த முகத்தோடு, "வாங்க, வழியில மழையா?" என்பார். உலகத்துக்கே நியாயம் கேட்கப் புறப்பட்ட வீரன் இப்படிப் பானை பானையாகத் தடவுகிறானே என்று கிண்டலாகவும் எழுதியிருக்கிறேன். கிண்டல் செய்வதுதான் எத்தனை சுலபம்!

என் அடுத்த பைத்தியம், விலை.

இப்போது கேமை வாங்கக் கடைக்கே போக வேண்டாம். இன்டர்நெட்டில் டிஜிட்டல் ஸ்டோர்கள் வந்துவிட்டன. கார்டு நம்பரைத் தட்டினால் கேம் தானாக இறங்கும் — நம் ஊர் கனெக்‌ஷனில் மூன்று நாள் இறங்கும். நல்ல வசதிதான். ஆனால் விலை டாலரில். புது கேம் ஐம்பது டாலர், அறுபது டாலர். நியூயார்க்கில் இருப்பவனுக்கும் அதே அறுபது, நெல்லிக்குப்பத்தில் இருப்பவனுக்கும் அதே அறுபது. அவனுக்கு அது ஒரு நாள் ஓட்டல் செலவு. எனக்கு ஒரு மாத மளிகை. இது என்ன நியாயம்?

ஆகவே, காத்திருங்கள், பெரிய தள்ளுபடி வரும், முக்கால் பங்கு விலை குறையும், அப்போது அள்ளுங்கள் என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! 'முழு விலை கொடுப்பவன் முட்டாள்' என்று தலைப்பே வைத்திருக்கிறேன். அப்படிக் காத்திருந்து காத்திருந்து அள்ளியதில் என் கணக்கில் இன்று நாற்பத்து மூன்று கேம்கள். அவற்றில் பாதிக்கு மேல் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆடித் தள்ளுபடியில் வசந்தி ஒரு புடவை கூடுதலாக எடுத்தால் தெருமுனை வரை கேட்கும்படி பேசுகிற ஆள் நான்.

விலை விஷயத்தில் என் கருத்து இன்றும் மாறவில்லை. வாங்குகிறவனின் பையைப் பார்த்துத்தான் விலை வைக்க வேண்டும். ஆனால், விற்கிறவரின் பையில் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு இழுப்பதிலிருந்தே என் நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஜனவரிக் கடைசி. புயலில் போன கரண்ட் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்த சந்தோஷத்தில் செல்வத்தின் கடைக்குப் போனேன். செல்வம் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். கடலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெமரி கார்டு, ஹெட்போன், சிடி விற்கிறார். 2004-ல் நான் முதல் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து பழக்கம். அவரிடம் கிடைத்த கேம் சிடி எல்லாமே காப்பி. ஐம்பது ரூபாய். அது திருட்டு என்றே எனக்கு அப்போது தெரியாது. கேம் என்றால் பிளாஸ்டிக் உறையில், மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி வருகிற சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு தெரிந்தது. தெரிந்ததும் காப்பி வாங்குவதை அடியோடு விட்டுவிட்டதாக இங்கே பெருமையாக எழுதினேன். அது முக்கால்வாசி உண்மை.

"சார், ஒங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்றார் செல்வம். "நம்ப பக்கத்துப் பொண்ணு செஞ்ச கேமாம். தமிழ்லயே பேசுது."

உறையில் மார்க்கரில் 'கழிமுகம்' என்று எழுதியிருந்தது. அதை ஏற்கெனவே டிஜிட்டல் ஸ்டோரில் பார்த்திருக்கிறேன். ஐந்து டாலர். நம் காசுக்கு இருநூற்றைம்பது ரூபாய். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, ஒரு சென்ட் குறையவில்லை. அதனாலேயே எனக்கு அந்த கேம் மீது ஒரு கடுப்பு. வெளிநாட்டுப் பெரிய கம்பெனியே இறங்கி வருகிறான், இவர்களுக்கு என்ன இவ்வளவு கெத்து?

"எவ்ளோ?" என்றேன்.

"வழக்கம்போலதான் சார். அம்பது."

சட்டைப்பையில், அந்த நாற்பத்து மூன்றையும் வாங்கிய கார்டு இருந்தது. நான் ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினேன். எவனெவனோ செய்த கேமுக்கெல்லாம் டாலர் கொடுத்தவன், நம் ஊர்ப் பெண் செய்த ஒரே கேமைக் காப்பியில் வாங்கினேன். 

நல்ல கேம். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். டிராகன் கிடையாது, வி.ஏ.ஓ. உண்டு. சுனாமி அலை வந்து போன பிறகு தேவனாம்பட்டினத்தில் ஒரு பெண். வீட்டோடு அவளுடைய பத்தாம் வகுப்பு சர்ட்டிஃபிகேட்டும் போய்விட்டது. நகல் வாங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக் கையெழுத்து வாங்கி, அக்கரை ஆபீசில் கொடுக்க வேண்டும். யாரிடம் கெஞ்சுவது, யாரிடம் எகிறுவது, யாருடைய மேஜைக்கு முன்னால் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பது... இதுதான் விளையாட்டு. ஃபைல் நகர்த்துகிறவன் நான், எனக்கே வியர்த்துவிட்டது.

பாதிக் கதையில் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கிருந்து படகில் அக்கரை போக வேண்டும். கரையில் மீன்கூடையோடு ஒரு அம்மாள். படகுக்கூலி பத்துக் காசு. கொடுத்தேன். அந்த அம்மாள் சொன்னார்:

"கூலி குடுத்தவங்களுக்குத்தாம்மா படகு. நீ குடுக்கல."

கொடுத்தேனே! மறுபடி கொடுத்தேன். அதே பதில். ஊருக்குள் திரும்பிப் போய், வீடு வீடாக நுழைந்து, பானை பானையாகத் தடவிக் காசு சேர்த்து வந்து கொட்டினேன். "நீ குடுக்கல." கரண்ட் போனது. வந்ததும் மறுபடி. இப்படி மூன்று சாயங்காலம். படகு வரவே இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! அந்த வாரமே எழுதினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும் — 'வராத படகு'. "அரைகுறையாகச் செய்துவிட்டு ஐந்து டாலர் கேட்கிறார்கள். கூலியையும் வாங்கிக்கொண்டு, கொடுக்கவில்லை என்று சாதிக்கிற கேம் இது. ஊர்ப்பாசத்தில் யாரும் ஏமாற வேண்டாம்." முழு விலை கொடுத்து ஏமாந்தவனின் தோரணை! அந்த அம்மாளின் வசனத்தையும் ஒரு எழுத்து மாறாமல் மேற்கோள் போட்டேன்.

லால்பேட்டையிலிருந்து ரஹ்மத்துல்லா என்ற வாசகர் எழுதினார். "சார், நான் ஸ்டோரில் வாங்கி விளையாடினேன். எனக்கு முதல் தடவையே படகு வந்ததே? நீங்கள் போட்டிருக்கிற வசனம் கேமில் எங்குமே இல்லையே?" எவ்வளவு மரியாதையான கேள்வி! நான் என்ன பதில் போட்டேன்? "லால்பேட்டைக்கு மட்டும் தனிப் படகு விட்டிருக்கிறார்கள் போல." அதற்கும் சிரித்துக் கடிதம் எழுதினீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பிறகு, பத்திரிகை அலுவலகம் வழியாக இன்னொரு கடிதம் வந்தது. 'கழிமுகம்' செய்த ஜெயசீலி சிதம்பரத்திலிருந்து எழுதியது. நான்கே வரி. "ஐயா, வணக்கம். இத்துடன் ஒரு கோடு எண் அனுப்பியிருக்கிறேன். இதை ஸ்டோரில் போட்டால் கேம் இலவசமாகக் கிடைக்கும். இதில் படகு வருகிறது. நேரம் இருந்தால் பாருங்கள்." கோபமாக ஒரு சொல் இல்லை.

போட்டுப் பார்த்தேனா? இல்லை. கடிதத்தின் ஓரத்தைக் கிழித்து, அந்த எண்ணை மானிட்டரில் ஒட்டிவைத்தேன். ஒட்டியதோடு சரி. ஆனால் எழுதினேன். "பார்த்தீர்களா? நாம் கேட்டதும் படகைச் சரிசெய்துவிட்டார்கள்! வாசகர்களின் பலம் இது." அதோடு நிற்காமல், கடிதத்தின் கீழே இருந்த நம்பரில் ஜெயசீலிக்குப் போனும் செய்தேன். "ஞாயித்துக்கெழம சிதம்பரம் வரேன். நேர்ல பேசுவோமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வாங்க சார்."

அந்தக் கொஞ்ச நேரத்தை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ரயிலடிப் பக்கம் ஒரு மாடி வீடு. ஜெயசீலிக்கு முப்பது வயது இருக்கும். தேவனாம்பட்டினத்தில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுவிட்டு இந்த கேமில் உட்கார்ந்திருக்கிறார். கணவர் ஸ்டீபன் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறார். கேமுக்குப் படம் வரைந்தது அவர். கணவரை ஜெயசீலி மாமா என்று கூப்பிட்டார்.

வடை வந்தது, டீ வந்தது. நான் சாய்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். எதைப் பற்றி? விலையைப் பற்றி! "வெல வெக்கிறதுல ஒங்களுக்கு அனுபவம் பத்தலம்மா. தள்ளுபடி குடுக்கணும். ஜனங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று அவர்கள் வீட்டிலேயே அவர்களுக்குப் பாடம் எடுத்தேன். ஜெயசீலி தலையாட்டிக்கொண்டிருந்தார். ஸ்டீபன் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"செரி, சரிபண்ண படகக் காட்டுங்க" என்றேன்.

ஸ்டீபன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மாமா, சாருக்கு இன்னும் ரெண்டு வட வைங்க" என்றார் ஜெயசீலி. ஸ்டீபன் வாயை மூடிக்கொண்டு வடை எடுக்கப் போனார்.

ஜெயசீலி கம்ப்யூட்டரைப் போட்டார். கழிமுகம் வந்தது. அதே கரை, அதே மீன்கூடை, அதே அம்மாள். பத்துக் காசு கொடுத்தார். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா? ஒனக்காகத்தான் படகு நிக்கிது. ஏறு" என்றார். ஓரத்திலிருந்து படகு வந்தது. அழகாக வரைந்திருந்தார் ஸ்டீபன். முன்பக்க அணியத்தில் பச்சை பெயின்ட், உரிந்த இடத்தில் பழைய நீலம்.

"அடடே, டயலாக்கையும் சேத்து மாத்திட்டீங்களா? ரொம்ப நல்லாயிருக்குது" என்றேன்.

"இல்ல சார்." ஜெயசீலி மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க எதையும் மாத்தல. மொதல்லேருந்தே இதான்."

"அப்ப நான் பாத்தது?"

வடைத் தட்டோடு வந்து நின்ற ஸ்டீபன் சொன்னார்: "அது காசு குடுக்காம எடுக்குற காப்பிக்குன்னு நாங்க வெச்சது சார்."

"மாமா..."

"இரு ஜெயா. அவுரு கேக்குறாருல்ல?" என் பக்கம் திரும்பினார். "ஸ்டோர்ல வாங்குனதா இல்லியான்னு அந்த எடத்துல கேமே பாத்துக்கும் சார். வாங்கலன்னா படகு வராது. அந்தம்மா நீங்க பேப்பர்ல போட்டிருந்தீங்களே, அந்த டயலாக்க பேசும். காசு குடுத்தவங்க கண்ணுல அது படவே படாது."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபின், புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நீ கொடுக்கவில்லை, நீ கொடுக்கவில்லை என்று அந்த அம்மாள் மூன்று சாயங்காலம் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். நான் அதை என் பெயரோடு, என் போட்டோவோடு அச்சில் போட்டிருக்கிறேன். விலை கொடுத்து வாங்கிய ஒவ்வொருவரும் அதைப் படித்திருப்பார்கள். எங்களுக்கு இப்படி ஒரு வசனம் வரவில்லையே, இவர் எங்கிருந்து எடுத்தார் என்று யோசித்திருப்பார்கள். நான் எழுதிய அன்றே ஜெயசீலிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அந்த நான்கு வரியை எழுதியிருக்கிறார். நான் கௌரவமாகத் தப்பித்துக்கொள்ள ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறார். அதையும் நான் மானிட்டரில் ஒட்டிவைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் உங்கள் ஆர்.பி.ஜி. வீரர் என்ன செய்தார் தெரியுமா? மூன்று பதில்கள் என் முன்னால் இருந்தன. உண்மையைச் சொல்லலாம். சும்மா இருக்கலாம். பொய் சொல்லலாம்.

"என் மச்சான் பாபு குடுத்த சிடிம்மா அது. எனக்கு சத்தியமா தெரியாது" என்றேன்.

பாபு, வசந்தியின் தம்பி. பண்ருட்டியில் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிறவன். அவனுக்கு கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் தவிர ஒன்றும் தெரியாது.

"இருக்கும் சார்" என்றார் ஜெயசீலி. "நெறைய பேருக்குத் தெரியறதில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் எழுதினேனே, கேமில் பானைக்குள் கை விடும்போது பக்கத்தில் நின்று சிரிக்கிற வீட்டுக்காரர் என்று... அந்தச் சிரிப்பு.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீங்க ஏம்மா எனக்கு மறுப்பு எழுதல?" என்றேன்.

"எழுதுனா என்னான்னு சார் எழுதறது? காப்பி சிடிய வெச்சி எழுதிட்டாருன்னுதான எழுதணும். ஒங்க பேரு கெட்டுடுமே."

"எங்க பேரு கெட்டுது சார்" என்றார் ஸ்டீபன். குரலை உயர்த்தவில்லை. "படகு வராத கேமுன்னு ஆயிடுச்சி. ஸ்டோர்ல வந்து அதையே எழுதிட்டுப் போறாங்க. வாங்கறது நின்னு போச்சி. நீங்க சொன்னாப்லயே வர்ற வியாழக்கெழம தள்ளுபடி போடறோம். முக்கால் பங்கு."

அதுவரை தைரியமாக இருந்த ஜெயசீலியின் முகம் அப்போதுதான் மாறியது. "அஞ்சு டாலருக்குக் கீழ எறங்கக் கூடாதுன்னு இருந்தேன் சார். ரெண்டு வருஷ வேல. அது ஒண்ணும் ஜாஸ்தின்னு எனக்குத் தோணல. ரெண்டாவது பாகம் பாதியில நிக்கிது. இதுலயும் போட்ட காச எடுக்கலன்னா எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டு ஜூன்ல திரும்ப பாலிடெக்னிக் போயிடுவேன். கேட்டு வெச்சிருக்கேன்."

மணி இரண்டு. கரண்ட் போனது. படகு, கழிமுகம், அந்த அம்மாள், எல்லாம் ஒரே நொடியில் இருண்டுபோயின. மின்வெட்டுக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது. "அப்ப நான் கெளம்பறேன்" என்று எழுந்தேன். மைசூர்பாகு டப்பாவை மேஜையில் வைத்தபோது, அதையாவது காசு கொடுத்து வாங்கினோமே என்று இருந்தது.

நான்காவது பஸ்ஸில் ஏறினேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம்... வழியெல்லாம் வசந்திக்கு ஒரு கதை தயாரித்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்து அவள் கேட்டதும், தயாரித்த கதை மறந்துபோய் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, "அம்பது ரூவா சிடி போட்டுப் பாத்துட்டா அந்தப் பொண்ண அந்த எழுத்து எழுதுனீங்க?" என்றாள். "அதுல என் தம்பிய வேற இழுத்தீங்களா?"

"போன்ல மன்னிப்பு கேட்டுடறேன்."

"பேப்பர்ல ஊரு பூரா திட்டிட்டு, போன்ல காதோட காதா மன்னிப்பா? எங்க திட்டுனீங்களோ அங்கயே கேளுங்க."

நான் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். எட்டு வருடமாகச் சேர்த்த பெயர். என்னை நம்பித்தான் வாசகர்கள் எதை வாங்குவது, எதை விடுவது என்று முடிவு செய்கிறார்கள். அது போய்விட்டால் நான் வெறும் ஃபைல் நகர்த்துகிறவன். ஒரு வாரம் உடல்நிலை சரியில்லாமல் கிடந்தது இதற்காகத்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஸ்டோரைத் திறந்து பார்த்தேன். 'கழிமுகம்' மீது சிவப்புப் பட்டை. முக்கால் பங்கு தள்ளுபடி. அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்தால் எனக்குப் பசியே எடுக்காது, அத்தனை சந்தோஷம் வரும். அன்று அது ஜெயசீலி வீட்டு வாசலில் ஒட்டிய ஜப்தி நோட்டீஸ் மாதிரி இருந்தது. ஒட்டியது நான்.

எனவே, இதோ அச்சில் சொல்கிறேன். 'கழிமுகம்' கேமில் குறை எதுவும் இல்லை. படகு முதல் நாளிலிருந்தே வருகிறது. நான் வைத்திருந்தது காப்பி சிடி. தெரிந்தே வாங்கினேன். பாபு கொடுக்கவில்லை. ஜெயசீலி, ஸ்டீபன் — மன்னியுங்கள். ரஹ்மத்துல்லா சார், லால்பேட்டைக்குத் தனிப் படகு ஒன்றும் விடவில்லை. நீங்கள் கூலி கொடுத்தீர்கள், வந்தது. உங்களை வைத்துச் சிரிப்பு மூட்டியதற்கு மன்னியுங்கள். செல்வத்திடம் போய் நான் நியாயம் பேசவில்லை. அவர் வாங்க ஆள் இருந்ததால் வைத்திருந்தார். அந்த ஆள் நான்தான்.

மானிட்டரில் ஒட்டியிருந்த இலவச எண்ணைப் பிய்த்துக் கிழித்துப் போட்டேன். கார்டை எடுத்தேன். ஆனால் சிவப்புப் பட்டை இருக்கும்போது வாங்க மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு தள்ளுபடி எப்போது முடியும் என்று நான்கு நாள் காத்திருந்தேன். திங்கட்கிழமை காலை பட்டை போயிருந்தது. ஐந்து டாலர். கட்டினேன்.

சாயங்காலம் வசந்தியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கழிமுகம் வந்தது. பத்துக் காசு கொடுத்தேன். "வந்துட்டியா? ஒனக்காகத்தான் படகு நிக்கிது. ஏறு" என்றார் அந்த அம்மாள். கீழே எனக்கு மூன்று பதில்கள்.

'கூலி ஏன் இவ்ளோ?'

'எவ்ளோ நேரமா நிக்கிறது?'

'மன்னிச்சிடும்மா, லேட்டாயிடுச்சி.'

மூன்றாவதை அழுத்தினேன். அதற்கு அந்த அம்மாள் ஒரு பதில் சொன்னார். வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அந்தப் பெண் பாலிடெக்னிக்குக்குத் திரும்புவாரா, இரண்டாவது பாகத்தை முடிப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் தூக்கம் பிடிக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

அந்த அம்மாள் என்ன சொன்னார் என்றுதானே கேட்கிறீர்கள்? போன முறை அவர் வசனத்தை மேற்கோள் போட்டுத்தான் இந்தக் கதி... இந்த முறை போடமாட்டேன். ஐந்து டாலர் கொடுத்து நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.